சிறிய தொழில்நுட்பக் கல்லூரியில் சுகாதாரத் துறைப் படிப்பு: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

க.பொ.த. சாதாரண தரத்தையோ உயர்தரத்தையோ முடித்துவிட்டு, நோயாளரைப் பராமரிக்கும் ஒரு வேலையில் சேர வேண்டும் என்று எண்ணும் இளையோர் நமது மாவட்டங்களில் நிறையவே இருக்கிறார்கள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு கிடைக்காததாலோ, கிடைத்தும் பெறுபேறு போதாததாலோ, அந்த எண்ணத்தையே கைவிட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேறு சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு, வீதியோர விளம்பரத்தில் கண்ட முதல் நிறுவனத்திலேயே பணத்தைக் கட்டிச் சேர்ந்து, ஒரு வருடம் கழிந்த பிறகுதான் தங்கள் சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும், எதைத் திறக்காது என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த இரு சாராரையும் மனத்தில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். சிறிய தொழில்நுட்பக் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ நல்ல சுகாதாரப் பணியாளராக உருவாக முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குச் சேர்வதற்கு முன்பே இரண்டு விடயங்களை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்: முடிவில் கையில் கிடைக்கும் தகைமையின் சரியான பெயர் என்ன, படிக்கும் காலத்தில் உண்மையான நோயாளரிடம் எவ்வளவு பயிற்சி கிடைக்கும். மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பின்னர்தான்.

முதற்படி: எந்த வேலை என்று தீர்மானித்தல்

"நேர்ஸ் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வரும் பலரிடம், எந்த நேர்ஸ் என்று நிதானமாகக் கேட்டால் பதில் வருவதில்லை. அரச வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக நியமனம் பெறுவதற்கான வழி, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளின் ஊடாகவோ பல்கலைக்கழகத் தாதியியல் பட்டத்தின் ஊடாகவோதான் செல்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உள்ளன; கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் இயங்குகிறது. அமைச்சின் பயிற்சிக்கான விண்ணப்பம் வர்த்தமானி அறிவித்தல் மூலம் கோரப்படும். உயர்தர விஞ்ஞானப் பாடச் சித்தியும் சாதாரண தரத்தில் குறிப்பிட்ட பாடங்களில் குறிப்பிட்ட பெறுபேறும் அதில் நிபந்தனையாக இருக்கும். வயதெல்லையும் உண்டு. அந்த நிபந்தனைகளுக்குள் நீங்கள் வருகிறீர்கள் என்றால், தயவுசெய்து அந்த வழியையே முதலில் முயன்று பாருங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளியாகும் வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் திறக்கும் கதவு வேறு. பராமரிப்பாளர், தாதி உதவியாளர், மருந்தக உதவியாளர், ஆய்வுகூட உதவியாளர் போன்ற பெயர்களில் அமையும் பாடநெறிகளே பெரும்பாலும் அங்கு கிடைக்கும். தனியார் வைத்தியசாலைகள், முதியோர் இல்லங்கள், மருந்தகங்கள், தனியார் ஆய்வுகூடங்கள், வீட்டில் படுக்கையில் இருக்கும் நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் பணிகள், வெளிநாட்டுப் பராமரிப்பு வேலைகள் ஆகியவை இத்தகைமைகளுக்கு உரிய களங்கள். இவை மதிப்புக் குறைந்த வேலைகள் அல்ல. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன தந்தையை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்துக்கு, முறையாகப் பயின்ற ஒரு பராமரிப்பாளரின் வருகை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தக் குடும்பங்கள் அறியும். ஆனாலும் தாதி உதவியாளர் என்பவர் பதிவுபெற்ற தாதி அல்லர். இலங்கையில் தாதியர் பதிவு 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் சபைக்கு உரியது. அவ்வாறே மருந்தக உதவியாளர் மருந்தாளர் அல்லர். மருந்தாளராக இயங்குவதற்கு இலங்கை மருத்துவச் சபையில் பதிவு வேண்டும். இந்த வேறுபாட்டை மழுப்பி, "எங்களிடம் படித்தால் நேரே அரச வைத்தியசாலை" என்று யாராவது உறுதியளித்தால், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

அடுத்து, தகைமையின் தரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தேசிய தொழிற் தகைமை, அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வது, 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ் மட்டங்கள். 5 தேசிய டிப்ளோமா. 6 உயர் தேசிய டிப்ளோமா. 7 பட்டத்துக்கு இணையானது. ஒருவர் பிறர் கண்காணிப்பில் நின்று வேலை செய்யாமல், தன் தொழிலைத் தானே பொறுப்பெடுத்துச் செய்யக்கூடியவர் என்பதைக் குறிக்கும் மட்டமாக 4ஆம் மட்டம் கருதப்படுகிறது. ஆகவே 3ஆம் மட்டத்தோடு நிற்கும் பாடநெறியையும் 4ஆம் மட்டம் வரை செல்லும் பாடநெறியையும் ஒரே கட்டணத்தில் கண்டால், எதைத் தெரிவுசெய்வது என்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

இரண்டாம் படி: நிறுவனத்தைச் சரிபார்த்தல்

நமது இரு மாவட்டங்களிலும் தொழிற்கல்வி வழங்கும் இடங்கள் பல வகையின. தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களத்தின் கீழ் மட்டக்களப்பு, அம்பாறை, சம்மாந்துறை போன்ற இடங்களில் கல்லூரிகள் உள்ளன. தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபைக்கும் தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. இவற்றோடு தனியார் நிறுவனங்களும், தொண்டு அமைப்புகளும் சமய நிறுவனங்களும் நடத்தும் பயிற்சி நிலையங்களும் உள்ளன. எல்லா அரச கல்லூரிகளிலும் சுகாதாரப் பாடநெறி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மின்னியல், மோட்டார் இயந்திரம், கணக்கியல் போன்றவையே பல இடங்களில் முதன்மையானவை. அந்தந்த வருடத்துப் பாடநெறிப் பட்டியலை நேரில் சென்று கேட்டு வாங்குவதே உறுதியான வழி.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. பயிற்சி நிறுவனங்கள் அதில் பதிவுசெய்யப்பட வேண்டும். ஆனால் நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு, அது நடத்தும் குறிப்பிட்ட பாடநெறி தேசிய தொழிற் தகைமைக்குரியதாகத் தரஅங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. பதிவு இலக்கத்தைப் பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வைத்திருக்கும் ஒரு நிறுவனம், நீங்கள் சேரப்போகும் பாடநெறிக்கு அங்கீகாரம் பெறாமலே இருக்கலாம். அப்படியானால் முடிவில் உங்களுக்குக் கிடைப்பது அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் மட்டுமே. எனவே, "உங்கள் நிறுவனம் பதிவுபெற்றதா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இந்தப் பாடநெறி, இந்த நிலையத்தில், எந்த மட்டத்துக்கு அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது, அந்த அங்கீகாரம் எந்தத் திகதி வரை செல்லும்?" என்று கேளுங்கள். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனங்களையும் பாடநெறிகளையும் தேடிப் பார்க்கும் வசதி உண்டு. பிரதேச செயலகத்தில் இருக்கும் தொழில் வழிகாட்டல் சார்ந்த உத்தியோகத்தர்களும் இதில் உதவுவார்கள்.

பிறகு பயிற்சி அறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல நிறுவனம் தயங்காது. உள்ளே உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய ஒரு கட்டில், முழு உடல் பொம்மை, சக்கர நாற்காலி, வேலை செய்யும் இரத்த அழுத்தமானிகள், கை கழுவும் தொட்டியில் ஓடும் தண்ணீர், சவர்க்காரம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பொம்மையின் மேல் பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படாமல் இருந்தால், அதை வாங்கி வைத்த பின் யாரும் தொடவில்லை என்று பொருள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒரு கட்டிலுக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். சிறிய கல்லூரியின் உண்மையான பலமே இங்குதான் இருக்கிறது. பத்துப் பதினைந்து பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். போதனாசிரியர் உங்கள் கையைப் பிடித்துத் திருத்துவார். அறுபது பேர் உள்ள மண்டபத்தில் அது நடவாது.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி வைத்தியசாலைப் பயிற்சி பற்றியது. எந்த வைத்தியசாலையில், எத்தனை மாதம், யாருடைய மேற்பார்வையில், எழுத்து மூலமான உடன்பாட்டுடன் நடக்கிறதா என்று விசாரியுங்கள். "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். முன்னைய தொகுதியில் படித்த இருவரையேனும் சந்தித்து, அவர்கள் உண்மையில் எங்கே பயிற்சி பெற்றார்கள் என்று கேட்டறிவது நிறுவனத்தின் எந்தக் கையேட்டையும் விட நம்பகமானது. கட்டணம் செலுத்துவதாயின் தவணை முறையில் செலுத்துங்கள், ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், பரீட்சைக் கட்டணமும் சீருடையும் அதற்குள் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள்.

மூன்றாம் படி: ஆவணங்களும் தடுப்பூசியும்

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பெறுபேற்றுச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் பிரதிகளையும் சில ஒளிப்பிரதிகளையும் முன்கூட்டியே ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். பெயர் எழுத்துக்கள் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் வேளையில் அந்த ஓர் எழுத்து பெருந்தடையாக வந்து நிற்கும்.

ஹெப்பற்றைட்டிஸ் பி தடுப்பூசி பற்றிச் சேர்ந்த அன்றே பேசிவிடுங்கள். வளர்ந்தவர்களுக்கு அது பொதுவாக மூன்று தடவைகளாக, முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் என்று போடப்படுகிறது. ஆகவே வைத்தியசாலைக்குள் காலடி வைக்கும் நாளுக்கு முதல் வாரத்தில் தொடங்கினால் பாதுகாப்பு முழுமையாகாது. சிறுவயதில் போட்டிருக்கிறோமா என்பது உங்கள் பிள்ளை வளர்ச்சிப் பதிவேட்டில் இருக்கும். அது கைவசம் இல்லையென்றால் வைத்தியரிடம் ஆலோசனை பெறுங்கள்.

பயணம் பற்றியும் ஒரு சொல். படுவான்கரையிலிருந்து நகருக்கு வந்து போகும் மாணவர்களுக்கும், திருக்கோவில், பொத்துவில் பக்கத்திலிருந்து கல்முனைக்கோ சம்மாந்துறைக்கோ வருபவர்களுக்கும் மார்கழி மழைக்காலத்தில் வீதிகள் வெள்ளத்தில் மூழ்குவது புதிதல்ல. வைத்தியசாலைப் பயிற்சி அந்த மாதங்களில் விழுமானால், நகரில் ஒரு உறவினர் வீட்டையோ மாணவர் விடுதியையோ முன்பே ஒழுங்குசெய்து வையுங்கள். வரவு குறைந்தால் மதிப்பீட்டுக்கு அனுமதி கிடைக்காமற் போகலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பேருந்துக்கான சீசன் டிக்கெட்டுக்கு வேண்டிய கடிதத்தை உங்கள் கல்லூரி வழங்குமா என்று அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

நான்காம் படி: மொழிக்கு ஆயத்தமாதல்

பாடம் தமிழில் நடந்தாலும் வைத்தியசாலையின் எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கட்டில் அட்டை, மருந்துச் சீட்டு, ஆய்வுகூட அறிக்கை எல்லாம் அப்படியே. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவச் சொற்கள் பெரும்பாலும் சில துண்டுகளின் சேர்க்கையே. 'ஹைப்பர்' என்று தொடங்கினால் மிகுதி, 'ஹைப்போ' என்று தொடங்கினால் குறைவு, 'ஐற்றிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்ரமி' என்று முடிந்தால் வெட்டி நீக்குதல். இவ்வாறான துண்டுகளில் ஐம்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் நூற்றுக்கணக்கான சொற்களின் பொருள் தானே விளங்கும். மருந்துச் சீட்டின் குறியீடுகளையும் முதல் மாதத்திலேயே படித்துவிடுங்கள்: ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு தடவை, பி.டி. என்றால் இரண்டு தடவை, ரி.டி.எஸ். என்றால் மூன்று தடவை. 'ஹைப்பர்' என்பதற்கும் 'ஹைப்போ' என்பதற்கும் இடையே ஒலியில் உள்ள வேறுபாடு சிறியது, நோயாளரின் உடலில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. சீனி கூடியவருக்கும் சீனி குறைந்து மயங்குபவருக்கும் செய்ய வேண்டியவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

சிங்களத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ பயிற்சி பெறுபவர் தமிழிலேயே நாளை ஓட்டிவிடலாம். அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலையில் பயிற்சி கிடைத்தவருக்கு அது முடியாது. எங்கே வலிக்கிறது, எப்போது சாப்பிட்டீர்கள், மருந்து எதற்காவது ஒவ்வாமை உண்டா, பயப்பட வேண்டாம், திரும்பிப் படுங்கள் என்பன போன்ற முப்பது நாற்பது வாக்கியங்களைச் சிங்களத்தில் பிழையறச் சொல்லப் பழகிக்கொண்டால், நோயாளர் உங்களை நம்பத் தொடங்குவார். வேலை தேடும்போதும் இது உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: கைத்திறனைப் பழகுதல்

சுகாதாரப் படிப்பைக் குறிப்பேட்டில் படித்து முடித்துவிட முடியாது. கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி கையாலும் கண்ணாலும் கற்றுக்கொள்ள வேண்டியவை. ஒன்றிரண்டை அண்மையாகப் பார்ப்போம்.

இரத்த அழுத்தம் பார்ப்பது மிக எளிய வேலை என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். பட்டியைச் சுற்றுகிறோம், காற்றடிக்கிறோம், எண்ணை எழுதுகிறோம். ஆனால் பஸ்ஸால் இறங்கி வெயிலில் நடந்து வந்த ஒருவரை உடனே உட்காரவைத்து அளந்தால் வரும் எண் அவருடைய உண்மையான அழுத்தம் அல்ல. அவர் குறைந்தது ஐந்து நிமிடம் அமைதியாக இருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் இரண்டும் தரையில் படிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கக் கூடாது. கை, மேசையில் இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டி சட்டைக் கையின் மேல் அல்ல, வெறும் தோலின் மேல் சுற்றப்பட வேண்டும். பட்டிக்குள் இருக்கும் காற்றுப் பை புயத்தின் சுற்றளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைச் சுற்றிவர வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டியைப் போட்டால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது நீங்களும் பேசக் கூடாது, அவரும் பேசக் கூடாது. நம் ஊரில் இதுவே மிகக் கடினமான பகுதி. ஏனெனில் பட்டியைச் சுற்றியவுடனேயே, "மகள், நீங்க எந்த ஊர்?" என்று அம்மா ஆரம்பித்துவிடுவார். "அளந்து முடிச்சிட்டுச் சொல்லுறன் அம்மா" என்று அன்பாகச் சொல்லப் பழகுவதும் அந்தத் திறனின் ஒரு பகுதியே. இத்தனையும் சரியாகச் செய்யாமல் எழுதப்படும் ஓர் எண், ஒருவருக்குத் தேவையற்ற மாத்திரையைக் கொடுக்கவோ தேவையான மாத்திரையை மறுக்கவோ காரணமாகலாம்.

இன்னொன்று, பாரிசவாதத்தால் ஒரு பக்கம் பலவீனமான ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது. நாற்காலியை அவரது பலமான பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக வைத்து, இரண்டு பிரேக்கையும் பூட்ட வேண்டும். கால் தாங்கிகளை ஒதுக்கிவிட வேண்டும். அவரைக் கட்டிலின் விளிம்பில் உட்காரவைத்துச் சற்றுநேரம் பொறுத்து, தலைசுற்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பலவீனமான கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக் கூடாது, அந்தத் தோள்மூட்டு எளிதில் விலகும். உங்கள் முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, அவருக்குச் சொல்லிவிட்டு, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சேர்ந்து எழும்ப வேண்டும். இதை வகுப்பில் உங்கள் தோழரை நோயாளராக வைத்துப் பலமுறை பழகுங்கள். பிறகு நீங்களே நோயாளராக இருந்து பாருங்கள். ஒருவர் சொல்லாமல் உங்களைத் தூக்கும்போது உண்டாகும் அச்சத்தை உணர்ந்தவர், பிறகு எந்த நோயாளரையும் சொல்லாமல் தொடமாட்டார்.

கை கழுவுதலை நான் தனியாக வற்புறுத்துகிறேன். சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு 40 முதல் 60 விநாடி, மதுசாரக் கரைசல் கொண்டு 20 முதல் 30 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நோயாளரைத் தொடுவதற்கு முன், தூய்மையான செயலொன்றைச் செய்வதற்கு முன், உடற்கழிவு பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளரைத் தொட்ட பின், அவரைச் சூழ்ந்த பொருட்களைத் தொட்ட பின் என்று அதே நிறுவனம் ஐந்து வேளைகளைச் சொல்கிறது. கையுறை போட்டால் கழுவ வேண்டியதில்லை என்ற எண்ணம் தவறு. கையுறையைக் கழற்றிய பின்னரும் கழுவ வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிலை மாற்றிப் படுக்கவைப்பது, குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் நாள்தோறும் பார்ப்பது, விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்தே உணவூட்டுவது, ஊட்டிய பின் அரை மணித்தியாலமாவது சாய்க்காமல் வைத்திருப்பது போன்றவையும் இவ்வாறே பழக்கத்தால் வருபவை. உங்கள் வீட்டிலோ அயலிலோ வயோதிபர் இருந்தால், அவர்களின் சம்மதத்தோடு இவற்றைப் பழகிப் பாருங்கள்.

கணக்கைப் பற்றி ஒரு பந்தி. சுகாதாரப் படிப்பில் கணிதம் இல்லை என்று எண்ணிச் சேர்பவர்கள் மருந்து அளவுப் பாடத்தில் திணறுகிறார்கள். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் பரசிற்றமோல் உள்ள பாணியில், 180 மில்லிகிராம் கொடுக்கும்படி வைத்தியர் எழுதியிருந்தால் எத்தனை மில்லிலீற்றர்? 180ஐ 120ஆல் பிரித்து 5ஆல் பெருக்கினால் 7.5 மில்லிலீற்றர். நான்கு மணித்தியாலத்தில் 500 மில்லிலீற்றர் சேலைன் ஏற வேண்டும், குழாய் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடுவது என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. உதவியாளராகிய நீங்கள் அதைத் தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால் துளி அளவு மீறி ஓடுவதைக் கண்டு தாதியரிடம் உடனே சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். விகிதக் கணக்கு ஆட்டம் காண்பவர்கள் எட்டாம், ஒன்பதாம் தரக் கணிதப் புத்தகத்தை எடுத்து ஒரு மாதம் செய்தாலே போதும்.

ஆறாம் படி: வைத்தியசாலை விடுதியில் நிற்கும் காலம்

வைத்தியசாலை விடுதியில் பயிலுநராக நிற்கும் மாதங்களில்தான் நீங்கள் யார் என்பது மற்றவர்களுக்குத் தெரியவரும். நேரத்துக்கு முன் வாருங்கள். நகத்தை வெட்டி, மோதிரம், வளையல் கழற்றி, தலைமுடியைக் கட்டி வாருங்கள். பொறுப்பான தாதிய உத்தியோகத்தரிடம் பெயரைச் சொல்லி, இதுவரை என்ன பழகியிருக்கிறீர்கள், என்ன பழகவில்லை என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிச் செய்வது இந்தத் தொழிலில் மன்னிக்க முடியாதது. ஊசி போடும்படியோ சேலைன் ஏற்றும்படியோ யாராவது அவசரத்தில் சொன்னாலும், உங்கள் பாடநெறி அதற்கு அனுமதிக்கவில்லை என்றால், "எனக்கு அனுமதி இல்லை, நான் பக்கத்தில் நின்று உதவுகிறேன்" என்று பணிவாகச் சொல்லும் துணிவு வேண்டும்.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே அறிந்திருக்க வேண்டும். குத்திய இடத்தை ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி வைத்தியரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று வைத்தியர் கருதினால் அதை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணித்தியாலம் கடந்தால் அதனால் பயன் எதிர்பார்க்க முடியாது. ஏச்சு விழும் என்று பயந்து மறைக்கும் பயிலுநர்களை எண்ணும்போது எனக்கு மிகுந்த கவலை உண்டாகிறது. பாவித்த ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாமல், குத்திக் கிழியாத கடினமான பெட்டிக்குள் நேரே போடுங்கள். அந்தப் பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மாற்றப்பட வேண்டும்.

நம் பிரதேசத்தின் விடுதிகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருப்பார்கள். ஒரு பெண்ணை உடம்பு துடைக்கும்போது திரையை முழுமையாக இழுத்து மூடுவதும், துடைக்கும் பகுதியை மாத்திரம் திறந்து மற்றதைப் போர்த்தி வைப்பதும் எல்லோருக்கும் உரிய மரியாதை. பர்தா அணியும் நோயாளருக்கு ஆண் பயிலுநரை அனுப்புவதற்கு முன் அவரது விருப்பத்தைக் கேட்பதும் அவசியம். பிள்ளை பெற்ற தாய்க்கு வீட்டிலிருந்து பத்தியச் சாப்பாடும் காயம் என்னும் நாட்டு மருந்தும் வரும். அதைக் கண்டு முகம் சுளிக்காமல், என்ன கொடுக்கிறார்கள் என்று அன்பாகக் கேட்டறிந்து தாதியரிடம் தெரிவியுங்கள். நாட்டு மருந்து சில, வைத்தியர் கொடுக்கும் மாத்திரையோடு ஒத்துவராமல் இருக்கலாம். அதட்டினால் உறவினர்கள் ஒளித்துக் கொடுப்பார்கள். அது இன்னும் ஆபத்து.

கைத்தொலைபேசியை உள்ளே எடுக்காதீர்கள். நோயாளரின் படத்தை, காயத்தை, கட்டில் அட்டையை எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது அவருடைய அந்தரங்கத்தைக் காட்டிக்கொடுப்பது. ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்பதால், விடுதியில் கண்ட அயலவர் பற்றி வீட்டில்கூடப் பேசாமல் இருப்பது கடினம்தான். ஆயினும் அதைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு நாளும் செய்தவற்றைப் பயிற்சிப் பதிவேட்டில் அன்றன்றே எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பத்தை வாங்குங்கள். மாத முடிவில் மொத்தமாக எழுதிக் கையொப்பம் கேட்டால் யாரும் இடமாட்டார்கள், இட்டாலும் மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது.

ஏழாம் படி: மதிப்பீடும் அதன் பின்னரும்

தேசிய தொழிற் தகைமை மதிப்பீடு பாடசாலைப் பரீட்சை போன்றதல்ல. புள்ளி எடுத்து முதலாவதாக வருவது அங்கே இல்லை. தொழிலின் ஒவ்வொரு திறன் அலகையும் நீங்கள் செய்துகாட்ட வேண்டும். திறன் உண்டா, இன்னும் வர வேண்டுமா என்பதே முடிவு. ஆகவே ஒரு அலகில் இன்னும் வர வேண்டும் என்று சொல்லப்பட்டால் மனம் உடைய வேண்டாம். அதைப் பழகி மீண்டும் மதிப்பீட்டுக்கு வரலாம். மதிப்பீட்டின்போது செயலைச் செய்துகொண்டே, ஏன் அப்படிச் செய்கிறேன் என்பதை வாயால் சொல்லப் பழகியிருங்கள். கை சரியாகச் செய்தும் காரணம் சொல்லத் தெரியாமல் தடுமாறுபவர்கள் பலர்.

ஏற்கெனவே வருடக்கணக்காக முதியோர் இல்லத்திலோ தனியார் மருந்தகத்திலோ வேலை செய்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ், முழுப் பாடநெறியையும் மறுபடி படிக்காமல், வேலை அனுபவத்துக்கான சான்றுகளைச் சமர்ப்பித்து நேரடியாக மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். வேலை கொடுத்தவரின் கடிதம், சம்பளப் பதிவு, வேலை செய்யும் புகைப்படம் போன்றவற்றைச் சேர்த்து வையுங்கள். புகைப்படத்தில் நோயாளரின் முகம் வரக் கூடாது.

வெளிநாட்டுக்குப் போக எண்ணுபவர்கள் சில விடயங்களை மட்டும் மறவாதீர்கள். ஜப்பானின் குறித்த திறன் விசாவில் முதியோர் பராமரிப்புக்குப் போவதாயின், பராமரிப்புத் திறன் பரீட்சையோடு ஜப்பானிய மொழியில் என்4 மட்டமோ அதற்கு இணையான அடிப்படை மொழிப் பரீட்சையோ சித்தியடைய வேண்டும். பராமரிப்புத் துறைக்குரிய ஜப்பானிய மொழிப் பரீட்சையும் தனியாக உண்டு. எனவே கல்லூரிப் படிப்போடு சேர்த்தே மொழியைத் தொடங்கினால்தான் காலம் மிச்சம். எந்த நாடானாலும், முகவர் நிலையத்துக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கே அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்று பணியகத்திடமே கேட்டறியும் வரை கடவுச்சீட்டையோ பணத்தையோ யாரிடமும் கொடுக்காதீர்கள்.

உள்ளூரில் வேலை தேடுபவர்கள் முதல் வேலையைச் சம்பளத்தை மட்டும் வைத்துத் தெரிவுசெய்ய வேண்டாம் என்பது என் கருத்து. இரவுப் பணியில் பதிவுபெற்ற தாதி ஒருவர் உடன் இருப்பாரா, சந்தேகம் வந்தால் கேட்பதற்கு யார் இருக்கிறார், பெண்களுக்கு இரவில் வீடு திரும்பும் ஏற்பாடு என்ன, சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டுகிறார்களா என்பவற்றைக் கேட்டு, நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கிய பின்னரே வேலையைத் தொடங்குங்கள். முதல் வருடத்தில் திறமையான ஒருவருக்குக் கீழ் வேலை செய்தவர், 5ஆம் மட்ட டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கும் வேளையில் தன் அனுபவத்தைச் சான்றோடு காட்ட முடியும். அந்த விண்ணப்பத்துக்கு வேண்டிய 4ஆம் மட்டச் சான்றிதழின் மூலப் பிரதியை நெகிழி உறையிட்டு வீட்டில் வைத்துவிட்டு, நேர்முகத் தேர்வுகளுக்கு உறுதிப்படுத்திய பிரதியைக் கொண்டு செல்லுங்கள்.